கரூர் வலையும் முவான்சா கொசுவும்

அக்கா மகனுக்குத் தான்சானியாவில் வேலை கிடைத்திருக்கிறது. விக்டோரியா ஏரியின் தென்கரை நகரமான முவான்சாவுக்குப் பக்கத்தில் ஒரு பருத்தி ஜின்னிங் ஆலையில் மேற்பார்வையாளர். சம்பளம் பரவாயில்லை, தங்குமிடம் ஆலையே தருகிறது. அக்காவின் தூக்கம் போனது வேறு காரணத்தால். அந்தப் பக்கம் மலேரியா அதிகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னது பொய்யும் இல்லை. கரூரில் இருந்துகொண்டு கொசுவலைக்கு அலைய வேண்டுமா, நல்லதாக இரண்டு வாங்கிக் கொடு என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

வலை வாங்குவதற்குள் அவனிடமிருந்து இன்னொரு கேள்வி வந்தது. ஆலை விடுதியில் 60 தொழிலாளர்கள் தங்குகிறார்கள். அவர்களுக்கு வலை வாங்கித் தருவதா, விடுதிச் சுவர்களுக்கு மருந்து அடிப்பதா என்று நிர்வாகம் இவனிடமே யோசனை கேட்டிருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதாம். "மாமா, எது என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தான்.

நான் மருத்துவன் அல்ல. வலை பின்னும் தொழிலில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். வலை விற்று வாழும் ஊர்க்காரன் வலைதான் உசத்தி என்பான் என்று நீங்கள் சந்தேகப்பட்டால் அதில் நியாயம் உண்டு. அந்தச் சந்தேகத்தோடே மேலே படிக்கலாம்.

முதலில் கொசுவைப் பார்த்துவிட வேண்டும். மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் இனத்துப் பெண் கொசு. அதிலும் ஊருக்கு ஊர் வகை வேறு, குணம் வேறு. சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி. அது மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். அதனால்தான் அங்கே மாநகராட்சி ஆட்கள் தொட்டிக்கு மூடி போடச் சொல்கிறார்கள், கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கடிப்பது பகலில். பகலில் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கு வலை உதவும். கடைத்தெருவில் நிற்பவருக்கு உதவாது. முவான்சா வட்டாரத்தில் முதல் எதிரி அனாபிலிஸ் ஃபுனெஸ்டஸ். அது மனித ரத்தத்தையே விரும்பும், வீட்டுக்குள் வந்து கடிக்கும், ஊர் அடங்கிய பிறகு நள்ளிரவிலிருந்து விடியும்வரை கடிக்கும். வலைக்கென்றே அளவெடுத்துப் பிறந்த கொசு என்று அதைச் சொல்லலாம்.

கொசுவத்திச் சுருளும் ப்ளக்கில் செருகும் திரவமும் போதாதா என்று அவனுக்கு ஆசை. இங்கே பழகியது அதுதானே. கொசுவைக் கொஞ்சம் விரட்டும், தொல்லை குறையும், அவ்வளவுதான். அதை நம்பி வலையை விட்டுவிடலாம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. நள்ளிரவில் சுருள் அணைந்துவிட்டாலோ மின்சாரம் போய்விட்டாலோ, ஃபுனெஸ்டஸ் வரும் நேரமும் அதுதான். இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அடுத்தது, சாதா வலையா, பூச்சிமருந்து ஏற்றிய மருந்து வலையா. நம் கடைவீதியில் தொங்குபவை பெரும்பாலும் மருந்து இல்லாதவை. நன்றாக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, ஓட்டை விழாமல் காப்பாற்றினால் சாதா வலையும் தடுக்கும். ஆனால் தூக்கத்தில் கை வலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் கொசு வெளியிலிருந்தே குத்திவிடும். ஓர் ஓட்டை விழுந்தாலும் உள்ளே வந்துவிடும். மருந்து வலையில் அது உட்கார்ந்தாலே ஆபத்து அதற்குத்தான். ஓட்டையைத் தேடி வலைமேல் ஊர்ந்து திரியும்போதே மருந்து காலில் ஏறிவிடுகிறது.

இன்னொரு பயனும் உண்டு, இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. கென்யாவின் மேற்கில் அசெம்போ என்ற பகுதியில் நடந்த ஆய்வில், மருந்து வலை கொடுத்த ஊர்களிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த, வலையே இல்லாத வீடுகளிலும் குழந்தைகள் பாதுகாப்புப் பெற்றார்கள். சாதா வலை கொசுவைப் பக்கத்துக் கட்டிலுக்கு அனுப்புகிறது. மருந்து வலை கொசுக் கூட்டத்தையே குறைக்கிறது. 60 பேர் வரிசையாகப் படுக்கும் விடுதியில் இந்த வேறுபாடு பெரியது.

1980களில் வலையை மருந்து நீரில் தோய்த்து எடுப்பார்கள். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து மறுபடி தோய்க்க வேண்டும். காம்பியா, கானா, கென்யா, புர்கினா ஃபாசோ நாடுகளில் பெரிய அளவில் சோதித்தார்கள். அந்தச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், வலையே இல்லாத நிலையோடு ஒப்பிடும்போது குழந்தை மரணம் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்தது. ஆயிரம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஐந்து அல்லது ஆறு உயிர்கள். மலேரியாக் காய்ச்சல் பாதியானது. சிக்கல் மறுபடி தோய்ப்பதில் வந்தது; முதல் முறை தோய்க்க வந்தவர்கள் இரண்டாம் முறை வரவில்லை. ஆகவே மருந்தை நூலிலேயே கலந்தோ பூச்சாகப் படியவைத்தோ, 20 சலவைக்கும் மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்கும் தாங்கும் வலைகள் வந்தன. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்ட 66 கோடிக்கும் மேற்பட்ட மலேரியாப் பாதிப்புகளில் 68 சதவீதம் இந்த வலைகளின் கணக்கில் சேர்கிறது.

கரூர் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். உலக சுகாதார நிறுவனம் தரம் பார்த்து ஏற்ற பொருள்களின் பட்டியலில் (முன்தகுதிப் பட்டியல்) உள்ள மேக்நெட், டூராநெட் இரண்டும் நம் ஊரில் பின்னப்படுபவை. பாலியெத்திலீன் நூலுக்குள்ளேயே மருந்து கலந்த வலைகள். ஆப்பிரிக்காவில் எத்தனையோ குழந்தைகளின் தலைக்கு மேல் கரூர் சரக்கு தொங்குகிறது. அந்தப் பெருமையில் நான் அவனுக்கு ஒரு டூராநெட்டை எடுத்து மடித்து வைத்தும் விட்டேன். பிறகுதான் மிசுங்வி என்ற இடத்தில் நடந்த வலைச் சோதனையைப் பற்றிப் படித்தேன்.

அந்த வலைகளில் இருக்கும் மருந்து பைரித்ராய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுத்த பழைய பூச்சிமருந்தைப் பார்த்துச் செயற்கையாக உருவாக்கிய வகை. மனிதருக்கு ஆபத்து குறைவு, கொசுவின் நரம்பைச் சட்டென்று தாக்கும். அதனால் வெகுகாலம் வலைக்கு இந்த ஒரே குடும்பத்தைத்தான் நம்பினார்கள். வயலுக்கு அடித்ததும் இதே குடும்பம். இத்தனை ஆண்டு ஒரே மருந்தைப் பார்த்த கொசு சும்மா இருக்குமா? அந்த மருந்தை உடலுக்குள்ளேயே உடைத்துப் போடும் நொதிகளை மிகுதியாகச் சுரக்கும் கொசுக்கள் பிழைத்துப் பெருகின. விக்டோரியா ஏரியைச் சுற்றி இந்த எதிர்ப்பு வலுவாக இருக்கிறது.

இதற்கு இரண்டு விதமாக விடை தேடினார்கள். ஒன்று பிபிஓ வலை. பைப்பரோனைல் பியூடாக்சைடு என்ற பொருளைப் பைரித்ராய்டுடன் சேர்ப்பார்கள். பிபிஓ அந்த நொதிகளின் கையைக் கட்டிப்போடும், பைரித்ராய்டு பழையபடி வேலை செய்யும். கரூரில் தயாராகும் வீரலின் இந்த வகைதான். மற்றது குளோர்ஃபெனபிர் என்ற வேறு குடும்பத்து மருந்தைப் பைரித்ராய்டுடன் சேர்த்த வலை. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் இன்டர்செப்டர் ஜி2 என்ற பெயரில் கொண்டுவந்தது. இந்த மருந்தின் சூது எனக்கு மிகவும் பிடித்தது. குளோர்ஃபெனபிர் உள்ளே போகும்போது முழு நஞ்சு அல்ல. கொசு எந்த நொதிகளைக் கொண்டு பைரித்ராய்டை உடைக்கிறதோ, அதே வகை நொதிகள் இதையும் உடைக்கப் பார்க்கும். உடைத்தவுடன்தான் அது நஞ்சாகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. கொசு தன் கேடயத்தாலேயே சாகிறது. ஆனால் மெதுவாக, மூன்று நாள்கூட ஆகலாம். காலையில் வலைக்கடியில் செத்த கொசுவை எண்ணிப் பார்த்து மருந்தின் தரத்தை அளப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

மிசுங்வி முவான்சாவை ஒட்டிய மாவட்டம். மருமகன் போகும் இடத்துக்குப் பக்கம். அங்கே 2019இல் தொடங்கி நான்கு வகை வலைகளை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்துச் சோதித்தார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்துக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, வெறும் பைரித்ராய்டு வலை கொடுத்த ஊர்களில் 45.8 சதவீதக் குழந்தைகளிடம் மலேரியா இருந்தது. பிபிஓ வலை ஊர்களில் 40.7. பெண் கொசுவை மலடாக்கும் மருந்து சேர்த்த வலை ஊர்களில் 37.5. குளோர்ஃபெனபிர் வலை ஊர்களில் 25.6. பெனின் நாட்டில் நடந்த சோதனையிலும் குளோர்ஃபெனபிர் வலையே முந்தியது. 2023 மார்ச்சில், எதிர்ப்பு உள்ள பகுதிகளில் வெறும் பைரித்ராய்டு வலைக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் உறுதியாகவே பரிந்துரைத்தது.

மடித்து வைத்த டூராநெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். குறை நூலில் இல்லை, பின்னலிலும் இல்லை. கொசு மாறிவிட்டது.

பிபிஓவை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. ஏரியின் மேற்குப் பக்கம் முலேபா மாவட்டத்தில் முதலாண்டில் அது நன்றாகவே வேலை செய்தது. வெறும் பைரித்ராய்டு வலை ஊர்களில் 42 சதவீதக் குழந்தைகளிடம் இருந்த தொற்று பிபிஓ வலை ஊர்களில் 29. அதன் குறை ஆயுளில் இருக்கிறது. மிசுங்வியிலும் முதலாண்டு கடந்ததும் அதன் மேன்மை மங்கிவிட்டது. ஓராண்டில் புது வலை மாற்றிக்கொள்ள முடிந்தவருக்கு பிபிஓ வலை மோசமில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை அரசு தரும் வலையை நம்பி இருக்கும் ஊருக்குத்தான் அது பற்றாது.

விலையில் மலைக்கும்படி எதுவும் இல்லை. மொத்தக் கொள்முதலில் வெறும் பைரித்ராய்டு வலை சுமார் 2 டாலர். மற்ற இரண்டும் அதைவிடக் கூடுதல், ஆனால் வித்தியாசம் ஒரு டாலர் அளவுக்குள். கையில் வித்தியாசம் தெரியும். கரூர் பாலியெத்திலீன் கொஞ்சம் முரடு, இழுத்தால் தாங்கும். இன்டர்செப்டர் ஜி2 பாலியெஸ்டர். மென்மையாக இருக்கும், கட்டில் முனையில் மாட்டினால் கிழியும். மிசுங்வியில் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலோர் ஆய்வு வலைகளைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டார்கள். மருந்து எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கிழிந்த துணியில் தங்காது. சிறு கிழிசலை அன்றைக்கே ஊசி நூல் கொண்டு தைத்துவிடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். சிரித்தான்.

இனி விடுதி. சுவருக்கு மருந்து அடிப்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்த காட்சி. டி.டி.டி. பம்பைத் தோளில் மாட்டி வருவார்கள், அடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். கொசு கடித்த பிறகு வயிறு கனத்துச் சுவரில் உட்காரும், அப்போது சாகும். இந்தியாவில் 1947இல் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா என்று மதிப்பிட்டார்கள். இந்தச் சுவர் மருந்தின் பலத்தில் 1960களின் தொடக்கத்தில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. வேலையில் தளர்ச்சி வந்தது, கொசுவுக்கும் எதிர்ப்பு வந்தது, 1976இல் 64 லட்சத்துக்கு ஏறியது. இந்த முறையின் பலமும் பலவீனமும் அந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அடித்துக்கொண்டே இருக்கும்வரைதான்.

முலேபா ஆய்வு நமக்கு நேராகவே பதில் தருகிறது. அங்கே வலைகளோடு சுவர் மருந்தையும் சோதித்தார்கள். பைரித்ராய்டு அல்லாத பிரிமிஃபாஸ்-மீத்தைல். மருந்து அடித்த ஊர்களில் குழந்தைகளின் தொற்று 28 சதவீதம், அடிக்காத ஊர்களில் 44. பிபிஓ வலை தந்த பலனுக்குக் கிட்டத்தட்ட சமம். சுவையான செய்தி இதற்குப் பிறகு வருகிறது: பிபிஓ வலையும் கொடுத்து சுவருக்கும் அடித்த ஊர்களில் பலன் இரட்டிப்பாகவில்லை. ஆக நிர்வாகத்திடம் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்பது பெரிய குறையே இல்லை. நல்ல வலை இருக்கும் இடத்தில் இன்னொன்றைச் சேர்த்துக் கிடைப்பது குறைவு.

பலன் சமம் என்றால் வேலையை ஒப்பிட வேண்டும். மருந்து அடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். 60 பேரின் பெட்டி படுக்கையை வெளியே எடுத்து வைக்க வேண்டும், சுவர் காயும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் இதையே செய்ய வேண்டும். இடையில் யாராவது சுண்ணாம்பு அடித்துவிட்டால் எல்லாம் போயிற்று. வலையை ஒருமுறை கொடுத்தால் போதும், ஆனால் ஒவ்வோர் இரவும் ஒவ்வொருவரும் விரிக்க வேண்டும். சுவர் மருந்து யாருடைய ஒழுக்கத்தையும் நம்பி இல்லை. வலை முழுக்க முழுக்க அதை நம்பியே இருக்கிறது. புழுக்கமான இரவில் வலைக்குள் காற்று வராது என்று ஒருவர் தூக்கிப் போடுவார். ஏரிக்கரை ஊர்களில் மீன் பிடிக்கவும் கொசுவலை போய்விடுகிறது. இவ்வளவும் தெரிந்தே வலைக்கு என் ஓட்டு. காரணம் எளிது: ஆலைப் பருவம் முடிந்ததும் தொழிலாளர் வலையை ஊருக்கு எடுத்துப் போவார், அங்கே அவர் பிள்ளை அதற்குள் தூங்கும். விடுதிச் சுவரை யாரும் ஊருக்கு எடுத்துப் போக முடியாது.

ஒடிசாவை இங்கே சொல்ல வேண்டும். 2017இல் ஏறத்தாழ 1.1 கோடி மருந்து வலைகளை அந்த அரசு வீடு வீடாகக் கொடுத்தது. அந்த ஆண்டு சுமார் 3,47,000 ஆக இருந்த மலேரியா நோயாளிகள் அடுத்த ஆண்டில் சுமார் 66,000 ஆனார்கள். அதே காலத்தில் எட்டாத மலைக் கிராமங்களுக்குப் போய் எல்லோரையும் சோதித்து மருந்து கொடுக்கும் திட்டமும் நடந்தது, ஆகவே பெருமை முழுவதையும் வலைக்குக் கொடுத்துவிட முடியாது. விடுதிக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு: காய்ச்சல் வந்தால் உடனே ரத்தம் சோதிக்க ஆலையிலேயே சோதனைப் பட்டைகள் வைத்திருக்க வேண்டும்.

நிர்வாகத்தின் இன்னொரு யோசனை எனக்கு எரிச்சல் தந்தது. வலையின் விலையில் கொஞ்சத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமாம். இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள் என்று. இந்தப் பேச்சை நம் ஊரிலும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஜெசிகா கோஹென், பாஸ்கலின் டுபாஸ் என்ற பொருளியலாளர்கள் இதைக் கென்யாவின் கர்ப்பிணிப் பரிசோதனை மையங்களில் சோதித்தார்கள். சில மையங்களில் வலை இலவசம், சிலவற்றில் சிறு விலை. விலை வெறும் 60 சென்ட்டுக்குப் போனபோதே வாங்குவோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் காசு கொடுத்தவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. இதை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னேன். பிடித்தம் இல்லை என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

இரவு ஷிப்ட் ஆட்களுக்கு வலையும் சரி, விடுதிச் சுவர் மருந்தும் சரி, பெரிதாக உதவாது. கொசு கடிக்கும் நேரத்தில் அவர்கள் இயந்திரத்தின் முன் நிற்பார்கள். முழுக்கைச் சட்டை, தோலில் பூசும் விரட்டி, ஓய்வறை சன்னல்களுக்குக் கம்பி வலை. இது மூன்றும்தான்.

மருமகன் விஷயத்தில் மட்டும் வலையோடு நிறுத்தக் கூடாது. அந்த ஊர்ப் பெரியவர்கள் சிறுவயது முதல் பலமுறை மலேரியாவைக் கண்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றவர்கள். இவனுக்கு அது இல்லை. வயது 26 ஆனாலும் மலேரியா முன்னால் இவன் கைக்குழந்தை. முதல் மாதங்களுக்குத் தடுப்பு மாத்திரை வேண்டுமா, எது, எத்தனை நாள் என்பதைப் பயண மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மலேரியாத் தடுப்பூசிகள் குழந்தைகளுக்கானவை, இவன் கணக்கில் வராது. விடுமுறைக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டால் தான்சானியாவிலிருந்து வருகிறேன் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா. நாள் கடத்தினால் உயிருக்கு ஆபத்து.

கொசுவும் ஊர் விட்டு ஊர் போகிறது. சென்னைத் தொட்டிகளின் ஸ்டீஃபன்சி 2012இல் ஜிபூத்தியில் தென்பட்டது, பிறகு எத்தியோப்பியா. 2022இல் அங்கே டிரே டாவா நகரத்தில் மலேரியா பரவியதற்கு அதுவே காரணம் என்று கண்டார்கள். மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டம்பரில் சான்றிதழ் பெற்ற இலங்கையில், அதே ஆண்டு கடைசியில் மன்னாரில் அது அகப்பட்டது. அது முவான்சாவுக்கும் போய்ச் சேர்ந்தால் வலையோடு தொட்டி மூடியும் வாங்க வேண்டியிருக்கும். இன்றைக்கு அந்தச் செலவு இல்லை.

கடைசியில் முடிவானது இது. விடுதிக்குக் குளோர்ஃபெனபிர் வலை, ஆளுக்கு ஒன்று, இலவசம். அவை பெரும்பாலும் அரசுத் திட்டங்கள் வழியாகவே போவதால் மாவட்ட மலேரியா அலுவலரைப் பார்த்து வாங்க முயலட்டும். கிடைக்காவிட்டால் பிபிஓ வலை வாங்கி அடுத்த ஆண்டே மாற்றட்டும். சுவர் மருந்து வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் சோதனைப் பட்டையும் சன்னல் கம்பி வலையும். அவனுக்கு வழிக்கு ஒரு கரூர் பிபிஓ வலை, போய் இறங்கும் முதல் இரவு வெறுங்கட்டிலில் படுக்கக் கூடாது என்பதற்காக. உறையைப் பிரித்து ஒரு நாள் நிழலில் உலர்த்திவிட்டேன். வெயிலில் காயப்போடாதே, முரட்டு சோப்பு போடாதே என்று ஒரு துண்டுச் சீட்டும் எழுதி உள்ளே வைத்தேன்.

நேற்று விடுதி அறையின் படம் அனுப்பியிருந்தான். கட்டில் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, வலை கட்ட ஒரு கொக்கிகூட இல்லை. நான்கு ஆணியும் ஒரு சுத்தியலும் கொஞ்சம் கயிறும் பெட்டியில் வைக்கச் சொல்லி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.